நிலம் கொடுத்தது நாம்! ராத்திரி ஆபரேஷனுக்கு மட்டும் ஸ்டான்லிக்கு ஓடணுமா?



உரத் தட்டுப்பாடு, நெல் கொள்முதல், ஏரி ஆக்கிரமிப்பு, பயிர்க்கடன் என்று எத்தனையோ பிரச்சினைக்கு நம் சங்கம் நோட்டீஸ் போட்டிருக்கிறது. இந்த நோட்டீஸ் நம் உடம்பைப் பற்றியது. ராத்திரி பதினோரு மணிக்கு சுருட்டிப் பிடிக்கிற வயிற்றைப் பற்றியது. மாடு முட்டிய விலாவைப் பற்றியது. கன்டெய்னர் லாரி இடித்து எலும்பு வெளியே தெரிகிற காலைப் பற்றியது.

“ஆஸ்பத்திரி விஷயத்துக்கும் விவசாயிகள் சங்கத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?” என்று சிலர் கேட்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது! மூட்டை தூக்கித் தூக்கிக் குடலிறக்கம் வருவது யாருக்கு? கதிரடிக்கிற மிஷினிலும் தீவனம் வெட்டுகிற மிஷினிலும் விரலைக் கொடுப்பது யார்? சர்க்கரை வியாதியோடு சேற்றில் இறங்கி, கால் புண் புரையோடி நிற்பது யார்? பிரைவேட் ஆஸ்பத்திரியில் ஒரு ஆபரேஷன் என்றால் தாலி முதற்கொண்டு அடகுக்குப் போவது யார் வீட்டில்? ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்தில் எழுந்து நிற்கலாம். வீட்டில் ஒரு ஆபரேஷன் வந்தால் அரை ஏக்கரே போய்விடுகிறது. அதனால்தான் இது விவசாயி பிரச்சினை.

நாம் கொடுத்தது என்ன? நமக்குக் கிடைத்தது என்ன?

எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர், காட்டுப்பள்ளி. இந்த ஊர்களின் பேரைச் சொன்னால் இன்று டெல்லிக்கும் தெரியும், சிங்கப்பூருக்கும் தெரியும். 1994ல் வடசென்னை அனல் மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. 2001ல் எண்ணூர் துறைமுகம் திறந்தார்கள். 2012ல் வல்லூர் அனல் மின் நிலையம் வந்தது. காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம் வந்தது. நிலம் போனது, உப்பளம் போனது, கழிமுகம் சாம்பலானது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, கிணற்றில் கடல் நீர் ஏறியது. மின்சாரம் நாடு முழுக்கப் போகிறது, சரக்கு உலகம் முழுக்கப் போகிறது. நமக்கு மிஞ்சியது தூசியும், ரோட்டை அடைத்து நிற்கிற லாரியும், அந்த லாரியால் வருகிற விபத்தும்.

விபத்து என்றால் சின்ன விபத்தா? 2023 டிசம்பர் 26ந் தேதி நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உரக் கம்பெனி குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடினார்கள். 2025 செப்டம்பர் 30ந் தேதி எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்தது. வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த 9 தொழிலாளர்கள் செத்துப் போனார்கள். அடிபட்டவர்களை எங்கே கொண்டு போனார்கள்? ஸ்டான்லிக்கு!

எந்த விபத்து என்றாலும் ஸ்டான்லி. துறைமுகத்தில் கிரேன் அடித்தாலும் ஸ்டான்லி, மணலியில் தீக்காயம் என்றாலும் ஸ்டான்லி, பழவேற்காட்டில் படகு கவிழ்ந்தாலும் ஸ்டான்லி. இத்தனை ஆலையும் துறைமுகமும் வைக்க இங்கே இடம் இருந்தது. வெட்டுப்பட்டவனுக்கு நடுராத்திரியில் ஆபரேஷன் செய்கிற இடம் மட்டும் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால்தானா?

ஸ்டான்லி மேல் நமக்குக் கோபம் இல்லை

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஏழைகளின் ஆஸ்பத்திரி. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் பாட்டன்மார் சொன்ன இடம். 1938லிருந்து மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. நசுங்கிய கையையும் அறுந்த விரலையும் சரிசெய்வதில் அதன் கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. வடசென்னை ஆலைத் தொழிலாளியின் கையைக் காப்பாற்றிக் காப்பாற்றியே பேர் வாங்கிய பிரிவு அது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறக்காத வடசென்னைக் குடும்பம் உண்டா?

ஆனால் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று ஆந்திரா எல்லை வரைக்கும் உள்ள அத்தனை அவசரத்தையும் ஒரே ஆஸ்பத்திரி தலையில் கட்டினால் என்ன ஆகும்? பெரிய வைத்தியம் செய்ய வேண்டிய டாக்டர், சின்ன ஊரிலேயே முடித்திருக்க வேண்டிய குடல்வால் ஆபரேஷனுக்கு வரிசை போட வேண்டியிருக்கிறது. அங்கே ராயபுரத்துக்காரனும் காத்திருக்கிறான், இங்கே பொன்னேரிக்காரனும் காத்திருக்கிறான். நம் ஆஸ்பத்திரி பலமானால் ராயபுரத்து மீனவனுக்கும் திருவொற்றியூர்த் தொழிலாளிக்கும் நல்லது. அவர்கள் வேறு, நாம் வேறு இல்லை.

மூணே மூணு ஆபரேஷன்!

இதய மாற்று, ஈரல் மாற்று எல்லாம் பொன்னேரியில் செய்யுங்கள் என்று நாம் கேட்கவில்லை. 2015ல் உலகத்தின் பெரிய மருத்துவர்கள் சேர்ந்த லான்செட் ஆணையம் ஒரு கணக்குச் சொன்னது. உலகத்தில் 500 கோடிப் பேருக்கு, தேவைப்படுகிற நேரத்தில் கட்டுப்படியாகிற செலவில் பாதுகாப்பான ஆபரேஷன் எட்டாத நிலையில் இருக்கிறது என்றது. முதல் மட்ட ஆஸ்பத்திரி மூன்று காரியம் செய்தால் போதும், மற்றதெல்லாம் தன்னால் வரும் என்றது. ஒன்று, சிசேரியன். இரண்டு, அவசரத்துக்கு வயிற்றைத் திறந்து செய்கிற ஆபரேஷன். மூன்று, எலும்பு வெளியே வந்த முறிவுக்கு வைத்தியம். இந்த மூன்றும் இரண்டு மணி நேரத்துக்குள் மனுசனுக்கு எட்ட வேண்டும் என்றது.

இரண்டு மணி நேரம்! நம் ஊரில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழவேற்காடு பக்கத்துக் கிராமம் ஒன்றில் ராத்திரி ஒருவருக்குக் குடலிறக்கம் இறுகிக்கொண்டது என்று வையுங்கள். 108 வர வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே பார்த்து, ஊசி போட்டு, “மேல் சிகிச்சைக்கு ஸ்டான்லி” என்று சீட்டு எழுத வேண்டும். மறுபடி வண்டி. ரயில்வே கேட். லாரி நெரிசல். ஸ்டான்லி வாசல். அங்கே முதலிலிருந்து இன்னொரு பரிசோதனை. இரண்டு மணி நேரம் எங்கே போச்சு? இறுகிய குடலுக்கு ரத்தம் போகாது. மணிக்கணக்கு ஏற ஏறக் குடல் அழுகுகிறது. அரை மணி ஆபரேஷனில் எழுந்து வர வேண்டியவனுக்குக் குடலை வெட்டி எடுக்கிற நிலை வருகிறது.

மழைக்காலத்தைக் கேட்கவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது வடசென்னையே தண்ணீரில் நின்றது. ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் பெருகி ரோடு மறிந்தால், ஸ்டான்லி முப்பது கிலோமீட்டரில் இருந்தால் என்ன, முந்நூறு கிலோமீட்டரில் இருந்தால் என்ன?

“சர்ஜன் கிடைக்கலை” என்கிற பழைய பாட்டு

கேட்டால் ஒரே பதில். “சர்ஜன் தட்டுப்பாடு.” தட்டுப்பாடு உண்மைதான், மறுக்கவில்லை. மத்திய அரசின் 2021-22 கிராமப்புற சுகாதாரப் புள்ளிவிவரமே சொல்கிறது: நாடு முழுக்க கிராமப்புற சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவையான சர்ஜன்களில் 100க்கு 83 பேர் இல்லை. ஆனால் தட்டுப்பாடு வானத்திலிருந்து விழவில்லை. அது எப்படி வருகிறது என்று பாருங்கள்.

முதலாவது, ஒரு ஆஸ்பத்திரிக்கு ஒரு சர்ஜனைப் போட்டுவிட்டு “சர்ஜன் இருக்கிறார்” என்று கணக்குக் காட்டுவது. வருசத்துக்கு 365 ராத்திரி. ஒரு மனுசன் எத்தனை ராத்திரி விழிப்பான்? அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இல்லையா? மூன்று சர்ஜன் இருந்தால்தான் மூன்று நாளைக்கு ஒரு ராத்திரி என்று முறை ஓடும். ஒற்றை மாட்டைக் கட்டி ஏர் ஓட்டச் சொன்னால் ஓடுமா?

இரண்டாவது, சர்ஜன் மட்டும் இருந்தால் கத்தி நகராது. மயக்க மருந்து டாக்டர் வேண்டும். தியேட்டர் நர்ஸ் வேண்டும், டெக்னீஷியன் வேண்டும், ரத்தம் வேண்டும், ஜெனரேட்டர் வேண்டும். மயக்க மருந்து டாக்டர் ஒருத்தர் லீவு போட்டால் ஆபரேஷன் தியேட்டருக்கே லீவு!

மூன்றாவது, இலாகா மதில். ஸ்டான்லி ஒரு இயக்குநரகத்தின் கீழ், அது மருத்துவக் கல்வி. தாலுகா ஆஸ்பத்திரி இன்னொன்றின் கீழ், அது மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள். ஆரம்ப சுகாதார நிலையம் மூன்றாவதின் கீழ், அது பொது சுகாதாரம். நோயாளிக்கு உடம்பு ஒன்றுதான். ஃபைலுக்கு மூன்று வீடு. ஸ்டான்லியில் படிக்கிற சர்ஜன் முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு வாரம் வந்து வேலை பார்க்க, எத்தனை கையெழுத்து வேண்டுமோ!

நான்காவது, இங்கே பிடுங்கி அங்கே நடுவது. 2022 ஜனவரியில் திருவள்ளூர் உட்பட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறந்தார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் கல்லூரிக்குத் தலை எண்ண அதிகாரி வருகிறார் என்றால், வேறு ஆஸ்பத்திரி டாக்டரைத் தூக்கி அங்கே வைக்கிற வேலை நடக்கிறது என்று டாக்டர் சங்கங்களே புகார் சொல்லியிருக்கின்றன. நாற்று போதவில்லை என்றால் நாற்றங்கால் விடணும். பக்கத்து வயலில் பிடுங்கி நட்டால் இரண்டு வயலும் பாழ்தான்.

பிரசவத்துக்கு முடிஞ்சது, வயிற்று வலிக்கு ஏன் முடியாது?

“இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று கேட்பவர்களுக்கு நம் தமிழ்நாட்டையே சாட்சி வைக்கிறோம். இருபது வருசத்துக்கு முன்னாலும் இதே தட்டுப்பாடுதான். ராத்திரி சிசேரியன் செய்ய ஆளில்லாமல் தாய்மார்கள் வழியிலேயே செத்தார்கள். அரசு மனசு வைத்தது. சீமாங் மையம் என்று 24 மணி நேரப் பிரசவ அவசர சிகிச்சை மையங்களை ஏற்படுத்தியது. சிதறிக் கிடந்த மகப்பேறு டாக்டர்களை முறை போட்டு ஒரே இடத்தில் சேர்த்தது. மயக்க மருந்து டாக்டர் இல்லாத இடத்தில், வெளியிலிருக்கிற தனியார் டாக்டரை கேஸுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துக் கூப்பிட்டது. எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு மயக்க மருந்து கொடுக்கக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்தது. ரத்த சேமிப்பு மையம் வைத்தது.

பலன் என்ன? மத்திய அரசின் கணக்கெடுப்பில் 2001-03ல் தமிழ்நாட்டில் லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20ல் அது 54. இதற்கு ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் முதல் 108 வண்டி வரை பல காரணம் உண்டு. ஆனால் ராத்திரியில் திறந்திருக்கிற ஆபரேஷன் தியேட்டர் அதில் பெரிய காரணம்.

இப்போது நாம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். தியேட்டர் அதேதான். மயக்க மருந்து அதேதான். ரத்தம் அதேதான். பிரசவ வலிக்குத் திறக்கிற கதவு, குடல் வெடித்தவனுக்கு ஏன் மூடியிருக்க வேண்டும்?

அவர்கள் சொல்கிற சமாதானமும் நம் பதிலும்

“காப்பீட்டு அட்டை இருக்கே, 5 லட்சம் வரைக்கும்!” அட்டை நல்ல அட்டைதான். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நடுராத்திரியில் பக்கத்தில் தியேட்டரும் சர்ஜனும் இல்லாதபோது, அட்டையை வயிற்றின் மேல் ஒட்டிக்கொள்ளவா முடியும்? அந்தக் காப்பீட்டுப் பணம் தனியாருக்குப் போவதற்குப் பதில், ஆபரேஷன் செய்த அரசு ஆஸ்பத்திரிக்கே வந்தால் அதே பணத்தில் கருவி வாங்கலாம்.

“2021லிருந்து ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கே, விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரம் இலவசமாச்சே!” வரவேற்கிறோம். 48 மணி நேரம் இலவசம், சரி. அதில் முதல் நாலு மணி நேரம் ரோட்டிலேயே போனால் என்ன செய்வது?

“2023ல் கிண்டியில் 1000 படுக்கை கட்டினோம். 2025ல் கொளத்தூரில் பெரியார் அரசு மருத்துவமனை கட்டினோம்.” கட்டினீர்கள், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. எல்லாமே பட்டணத்துக்குள்தானே? பெரிய ஏரியை ஆழப்படுத்திவிட்டு வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வருமா? நாம் கடைமடை. வாய்க்காலைத் தூர் வாருங்கள் என்கிறோம்.

டாக்டர் நமக்கு எதிரி இல்லை!

தோழர்களே, இதை அழுத்திச் சொல்கிறோம். உயிர் போன ஆத்திரத்தில் டாக்டர் சட்டையைப் பிடிக்கிறோம், நர்ஸம்மாவைத் திட்டுகிறோம், கண்ணாடியை உடைக்கிறோம். 2024 நவம்பரில் கிண்டி அரசு ஆஸ்பத்திரியில் ஒரு புற்றுநோய் டாக்டரைக் கத்தியால் குத்திய கொடுமையும் நடந்தது. இப்படி நடந்தால் எந்த சர்ஜன் நம்ம ஊருக்கு வருவான்? சீட்டு எழுதி அனுப்புகிற டூட்டி டாக்டர் பாவம், அவருக்குப் பக்கத்தில் சர்ஜனை வைக்காதது அவர் குற்றம் இல்லை. வைக்க வேண்டியது அரசு. கேள்வியை அங்கே கேளுங்கள்!

2019 அக்டோபரில் அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளத்தோடு சேர்த்து, நோயாளி எண்ணிக்கைக்குத் தகுந்த பணியிடம் போடு என்றும் கேட்டார்கள். அது யாருக்காகக் கேட்டது? நமக்காக. அதே மாதிரி மேல்படிப்பில் அரசு டாக்டர்களுக்கான 50 சதவீத இடஒதுக்கீடு. கிராமத்தில் வேலை பார்த்த டாக்டர் சர்ஜன் படிப்பு படித்து மறுபடி அரசு வேலைக்கே திரும்பி வர அதுதான் வழி. அது பறிபோனபோது அரசு டாக்டர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போராடியது. அதற்கு ஒதுக்கீடு தர மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31ல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. டாக்டர் சீட்டுச் சண்டை நமக்கு எதுக்கு என்று இருந்துவிடாதீர்கள். அது நம் ராத்திரி ஆபரேஷனுக்கான விதைநெல்!

சட்டம் நம் பக்கம்

1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ஓடும் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள். ஒன்றில் வசதி இல்லை, ஒன்றில் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் கல்கத்தாவில் தனியார் ஆஸ்பத்திரியில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். விவசாயத் தொழிலாளர் சங்கம் சும்மா விடவில்லை. உச்ச நீதிமன்றம் போனது. 1996 மே 6ல் தீர்ப்பு வந்தது. அவசர சிகிச்சையை அரசு ஆஸ்பத்திரி மறுப்பது, அரசியல் சாசனத்தின் 21வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவது என்றது. பணம் இல்லை என்று அரசு சாக்குச் சொல்ல முடியாது என்றது. மாவட்ட, உட்கோட்ட அளவு ஆஸ்பத்திரிகளைத் தரம் உயர்த்து, எங்கே படுக்கை இருக்கிறது என்று உடனே தெரிகிற தகவல் ஏற்பாடு செய் என்றது. 25,000 ரூபாய் நஷ்ட ஈடும் கொடுக்கச் சொன்னது.

அந்த வழக்கை ஜெயித்தது யார்? நம்மை மாதிரி மண்ணில் நிற்கிறவர்களின் சங்கம்! கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

நமது கோரிக்கைகள்

1. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி அரசு ஆஸ்பத்திரிகளில் சிசேரியன், அவசர வயிற்று ஆபரேஷன், திறந்த எலும்பு முறிவு சிகிச்சை ஆகிய மூன்றும் 24 மணி நேரமும் நடக்க உறுதி செய்!

2. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று சர்ஜன், மூன்று மயக்க மருந்து டாக்டர் பணியிடம் ஒதுக்கு! அங்கிருந்து மாற்றுப் பணிக்கு ஆள் எடுக்காதே!

3. பணியிடம் நிரம்பும்வரை ஸ்டான்லியிலிருந்து சர்ஜன்களை வாரமுறை போட்டு அனுப்பு! மேல்படிப்பு மாணவர்கள் மூன்று மாதம் மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கணும் என்று விதியே இருக்கிறது. அதை இங்கே ஒழுங்காக நடத்து!

4. பிரசவத்துக்குச் செய்தது போல், எல்லா அவசர ஆபரேஷனுக்கும் வெளி மயக்க மருந்து டாக்டரைப் பணம் கொடுத்து அழைக்க ஆஸ்பத்திரிக்கு அதிகாரம் கொடு!

5. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே டாக்டர், நர்ஸ்களுக்குக் குடியிருப்பும் பாதுகாப்பும் கொடு!

6. நம் மண்ணில் லாபம் பார்க்கிற கம்பெனிகள், 2013 கம்பெனிச் சட்டப்படி செலவிட வேண்டிய 2 சதவீத சமூகப் பொறுப்பு நிதியை முதலில் இந்தப் பகுதி ஆபரேஷன் தியேட்டருக்கும் ரத்த சேமிப்பு மையத்துக்கும் கொடுக்கட்டும்! டாக்டர் சம்பளம் மட்டும் அரசே கொடுக்கணும். அதைக் கம்பெனி தயவில் விடக் கூடாது.

7. அனுப்பும்போது வெறும் சீட்டு போதாது. ஸ்டான்லிக்கு முன்கூட்டியே போன் செய்து, என்ன கேஸ் என்று சொல்லி, 108லேயே அனுப்பு!

நாம் செய்ய வேண்டியது

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒவ்வொரு ஊரிலிருந்தும் மனுப் போடுங்கள். நான்கே கேள்வி: நம் ஆஸ்பத்திரியில் சர்ஜன், மயக்க மருந்து டாக்டர் பணியிடம் எத்தனை? எத்தனை காலி? போன வருசம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் நடந்த ஆபரேஷன் எத்தனை? மேல் சிகிச்சைக்கு அனுப்பியது எத்தனை பேர்? பதில் கையில் வரட்டும், அப்புறம் யாரும் நம்மிடம் கதை சொல்ல முடியாது.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். வருசத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சி தினம். ஒன்றையும் விடாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் தீர்மான நகலோடு போய் நில்லுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சாலை, விளக்கு கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்: “ராத்திரி சர்ஜன் இருப்பாரா, இல்லையா?”

அதுவரைக்கும் வீட்டில் நாலு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். பொறுக்க முடியாத வயிற்று வலி, வாந்தி, வயிறு கல்லு மாதிரி இறுக்கம் என்றால் ஊசி போடுகிற போலி டாக்டரிடம் நேரம் கடத்தாதீர்கள். சாப்பாடு, காபி, சோடா எதுவும் கொடுக்காதீர்கள். உடனே 108 கூப்பிடுங்கள். மிஷினில் விரல் துண்டானால், துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போடாதீர்கள். நேரம் கடத்தாமல் கொண்டு போனால் ஒட்டவைக்க வாய்ப்பு உண்டு.

உழவர்களே! துறைமுகத்துக்கு இடம் கேட்டார்கள், கொடுத்தோம். மின்சாரத்துக்கு இடம் கேட்டார்கள், கொடுத்தோம். இப்போது நாம் கேட்கிறோம். தங்கமா கேட்கிறோம்? வைரமா கேட்கிறோம்? ராத்திரியில் ஒரு விளக்கு எரிகிற ஆபரேஷன் தியேட்டர் கேட்கிறோம்!

மூடிக் கிடக்கும் தியேட்டரை இரவும் பகலும் திற!
காலிப் பணியிடத்தை உடனே நிரப்பு!
உயிர் காக்கும் சிகிச்சை சலுகை அல்ல, எங்கள் உரிமை!

ஊர் ஊராகத் திரள்வோம்! கட்சி பாராமல், சாதி பாராமல் வாரீர்! வாரீர்!